தொழிற்சாலை மறைந்தது, கார் மறையவில்லை!

தொழிற்சாலையை மூடி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அங்கே பிறந்த கார்களோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன!

அந்தக் காரின் பெயர் எம்.ஜி.பி. "எம்.ஜி." என்பது "மாரிஸ் கராஜஸ்" என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் நடத்திய கார் விற்பனை நிலையம் அது. அங்கே மானேஜராக இருந்த செசில் கிம்பர், 1920-களில், சாதாரண மாரிஸ் கார்களை வேகக் கார்களாக மாற்றி விற்கத் தொடங்கினார். எம்.ஜி. பிறந்த கதை இதுதான்.

எம்.ஜி.பி. வெளிவந்தது 1962-ல். துணிக் கூரை போட்டதும், தகட்டுக் கூரை போட்டதுமாக 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள், ஆபிங்டன் என்ற சிற்றூரில் தயாராயின. பெரும் பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. 1980 அக்டோபரில் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அம்பாசிடருக்கு உறவு

நம் நாட்டு அம்பாசிடர் காரில் பல ஆண்டுகள் இருந்தது 1,489 சி.சி. என்ஜின். எம்.ஜி.பி.யில் இருப்பது 1,798 சி.சி. என்ஜின். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை! ஆகவே, அது பந்தயக் குதிரை அல்ல, உழைக்கும் மாடு. சாதாரண மெக்கானிக்கே கழற்றி மாட்டிவிடலாம்.

காரைக் கொல்வது என்ஜின் கோளாறு அல்ல. துரு!

உள்ளிருந்தே அரிக்கும் பகை

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றுக்கு அடியில் கனமான இரும்புச் சட்டம் இருக்கும். எம்.ஜி.பி.க்கு அது கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்த பாடியே காரைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே, இரு பக்கமும் நீளப் பெட்டி போல ஓடும் பகுதிதான் அதன் முதுகெலும்பு.

குளிர் காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பெட்டிக்குள் புகுந்துவிடும். வெளியே பெயிண்டு பளபளக்கும். உள்ளே தகடு பொடிப் பொடியாக உதிரும்!

ஆகவே, விவரம் தெரிந்தவர் முதலில் கதவு இடுக்கைத்தான் பார்ப்பார். காரை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது இடுக்கு குறுகினால், முதுகெலும்பு போய்விட்டது என்று பொருள்.

பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், ஓட்டைக்குப் பட்டி வைத்து, பெயிண்டு அடித்துவிடுவார்கள். பார்வைக்கு அழகு, மோதினால் ஆபத்து!

முறையான வேலை வேறு. கதவு இடைவெளியில் இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். அரித்த தகட்டை நல்ல இரும்பு தென்படும்வரை அறுத்தெடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறு பக்கத்தைத் தொடலாம். அவசரப்பட்டு முட்டு இல்லாமல் அறுத்தால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு சரியாக மூடாது.

அச்சுகள் திரும்பின

தொழிற்சாலை மூடியபின் தகட்டுக்கு எங்கே போவது? பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற கம்பெனி, தகடு அழுத்தும் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்தது. 1988-ல் முழுப் பாடியையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. அதை வைத்து 1990-களில் ஆர்.வி.8 என்ற புதுக் காரே வந்தது. சுமார் 2,000 கார்கள் தயாராயின. பெரும்பாலானவை போனது ஜப்பானுக்கு!

லாபமா, நஷ்டமா?

கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க ஆகும் செலவு, பல சமயம் காரின் விலையைத் தாண்டிவிடும். அதோடு முடிவதில்லை. கார்புரேட்டரின் தலையில் உள்ள சிறு மூடியைத் திறந்து எண்ணெய் விட வேண்டும். முன் சக்கர மூட்டுகளுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி கிடையாது. பெரிய மாறுதல் செய்யாத காராக இருந்தால், 2018 முதல் ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. சலுகைதான். ஆனால் பொறுப்பு முழுவதும் இப்போது சொந்தக்காரர் தலையில்! மூடிய பெட்டிக்குள் இருக்கும் துருவை, அவர் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

பளபளப்பைக் கண்டு ஊரார் பாராட்டுவார்கள். காரின் ஆயுளோ, யார் கண்ணிலும் படாத தகட்டில் இருக்கிறது. அதற்குச் செலவழிக்க மனம் வந்தவர்களிடத்தில்தான் எம்.ஜி.பி. இன்னும் ஓடுகிறது.