ஆட்டிஸமும் ஆஸ்பத்திரியும்

என் மகனுக்கு எங்கு வலித்தாலும் "கொசு" என்பான். மூன்று வயதில் திருச்சியில் ஊசி போட்ட நர்ஸ், "கொசு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டான். பல்வலியும் கொசு, வயிற்றுவலியும் கொசு. வீட்டில் எங்களுக்குப் புரியும். துபாயில் நள்ளிரவு அவசரப் பிரிவில் இருக்கும் எகிப்து டாக்டருக்கும் பிலிப்பைன்ஸ் நர்ஸுக்கும் எப்படிப் புரியும்?

அப்படி ஓர் இரவு, காய்ச்சலோடு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். (மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வேறெங்கு போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.) கண்கூசும் விளக்கு, விடாமல் கீச்சிடும் மானிட்டர், ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தான். "ஆட்டிஸக் குழந்தைகள் இப்படித்தான்" என்று சொல்லிக் காய்ச்சல் மருந்தோடு அனுப்பிவிட்டார்கள். காதுக்குள் சீழ் கட்டியிருந்தது மறுநாள் வேறொரு டாக்டர் பார்த்தபிறகே தெரிந்தது.

ஏற்கெனவே ஒரு பெயர் ஒட்டப்பட்டிருப்பதால் புது நோய் கண்ணில் படாமல் போவது, மருத்துவர்களே ஒப்புக்கொள்ளும் சிக்கல். குடும்பத்தார் சொல்வது காதில் ஏறாமல் போவது இன்னொன்று. இதில் உயிரே போனதுண்டு. 2016-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஆட்டிஸம் உள்ள ஆலிவர் மெக்கவன் என்ற 18 வயது இளைஞர் வலிப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். மனநோய் மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் சொல்லியும் ஒலான்ஸபைன் கொடுத்தார்கள். மூளை வீங்கி இறந்தார். 2022-இல் வந்த சட்டம் அங்கே மருத்துவ ஊழியர்களுக்கு ஆட்டிஸம் பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அவர் பெயரிலேயே ஒரு பயிற்சி நடக்கிறது.

வளைகுடா இதில் அக்கறையில்லாத இடம் என்று சொல்லமாட்டேன். குவைத்தில் 1994-லும் துபாயில் 2001-லும் ஆட்டிஸ மையங்கள் வந்துவிட்டன. ஏப்ரல் 2 உலக ஆட்டிஸ நாள் ஆனதே 2007-இல் கத்தார் ஐ.நா.வில் கொண்டுவந்த தீர்மானத்தால்தான். ஆனால் இங்கே நோயாளிக்கு ஒரு மொழி, டாக்டருக்கு ஒரு மொழி, நர்ஸுக்கு ஒரு மொழி. நன்றாகப் பேசுபவர்களே தடுமாறும் இடம்.

பிரிட்டனில் 'மருத்துவமனை பாஸ்போர்ட்' என்று ஒன்று உண்டு. நோயாளி எப்படிப் பேசுவார், வலியை எப்படிக் காட்டுவார், எதற்குப் பயப்படுவார் என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவது. நாங்களும் ஒரு பக்கத்தில் தயாரித்தோம். (அலுவலகத்தில் எழுதும் ஒவ்வொரு நிரலுக்கும் கையேடு எழுதுகிறவன், சொந்த மகனுக்கு எழுத இத்தனை வருடம்!) 'தலையை முட்டினால் முதலில் காதையும் பல்லையும் பாருங்கள்' என்பது முதல் வரி. கீழே அவனுடைய பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள், பொருளும் உச்சரிப்புமாக ஆங்கிலத்திலும் அரபியிலும் மலையாளத்திலும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். ரத்தம் எடுக்க ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பு பூசலாம். அன்றைய முதல் ஆளாக வரச்சொல்லலாம், முறை வரும்வரை காரில் இருக்கவிடலாம். பல் வேலைக்கு மயக்கம் கொடுக்கும்போதே ரத்தமும் எடுத்துவிடலாம். கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள். கேட்கலாம் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

போன மாதம் போனபோது கோட்டயத்து நர்ஸ் ஒருவர் தாளை நிதானமாகப் படித்தார். பிறகு தரையில் அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, "மோனே, கொசு எவிடெ?" என்றார். வலது கடைவாயைத் தொட்டுக் காட்டினான்.