கொழுப்பின் ஹார்மோனும் சிசுவின் எடையும்

உடற்கொழுப்பு வெறும் சேமிப்புப் பண்டமன்று, ஹார்மோன்களையும் சுரப்பது. அவற்றுள் லெப்டின் 1994-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடியும் இதனைச் சுரக்கிறது. அக்காலத்து இரத்தக் கொதிப்பு நோயில் தாயின் இரத்தத்திலும், தாய்க்கு நீரிழிவு கண்டவிடத்துச் சிசுவின் தொப்புட்கொடி இரத்தத்திலும் இதன் அளவு உயர்ந்து காணப்படுகிறது.

புனே நகரின் டாக்டர் யாக்ஞிக் குழுவினர் அவ்வூர்ச் சிசுக்களை இலண்டன் சிசுக்களுடன் ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்ட முடிவு வியப்பிற்குரியது. நம் சிசுக்கள் எடை குறைந்தவை. ஆயினும் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. எடையை நோக்க லெப்டினும் இன்சுலினும் மிகுந்தே இருந்தன. மெலிந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் நீரிழிவு எங்ஙனம் வரும் என ஐயுறுவோர் இதனை நோக்குக. தராசு எடையைக் காட்டும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதைக் காட்டாது.

ஆசிரியர்களும் அறியத்தக்க செய்தி மைசூரிலிருந்து வந்துள்ளது. ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997-98-இல் தொடங்கிய ஆய்வில், கர்ப்பகால நீரிழிவுற்ற தாய்மாரின் பெண்மக்களிடம் 5 வயதிலேயே தோலடிக் கொழுப்பும் இன்சுலினும் மிகுந்திருந்தன.