மெல்தெமி: பருவமழையின் தூரத்து உறவு

ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில் காலையில் கப்பல் ஏறினால், நண்பகலை ஒட்டி நக்சோஸ் தீவு வந்துவிடும். துறைமுகத்தின் முகப்பில் ‘போர்தாரா’ நிற்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி, முடிக்காமலே விட்ட அப்போலோ கோயிலின் பளிங்கு வாசல் அது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஒரு வாரம் காலை நீட்டி ஓய்வெடுக்க வந்தவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். கரையில் கால் வைத்ததும் தலையிலிருந்த தொப்பி பறக்கிறது.

பறக்கவைப்பது மெல்தெமி. கோடைக்காலத்தில் ஏஜியன் கடல் மீது வடக்கிலிருந்து வீசும் காற்று. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் உச்சத்தில் இருக்கும். முற்பகலில் எழுந்து, பிற்பகலில் ஓங்கி, பெரும்பாலும் இருட்டியதும் தணியும். சில சமயம் இரவும் ஓயாமல் நாள்கணக்கில் அடிக்கும். கடற்காற்றை மதிப்பிடும் பியூஃபோர்ட் அளவுகோலில் 5, 6 என்பது இதற்குச் சாதாரணம். 8 என்றால் மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல். அதை நெருங்கும்போது கப்பல் புறப்படத் தடை விதிப்பது வழக்கம். சிறிய படகுகளுக்கு அதற்கு முன்பே. கிளம்ப வேண்டிய நாளில் தீவில் மாட்டிக்கொள்ளும் பயணிகள் ஆண்டுதோறும் உண்டு.

மலை மறைவில் ஒதுங்கினால் தப்பலாம் என்று தோன்றும். நக்சோஸில் ஆயிரம் மீட்டர் உயர மலை இருக்கிறது. ஆனால் மலையில் ஏறிய காற்று மறுபுறம் சரிந்து, தென்கரையில் திடீர் திடீரென வீச்சாக இறங்கும். அங்கே அலை குறைவு, காற்று அதிகம். பாய்மரப் படகோட்டிகள் உயரமான தீவுகளின் தெற்குப் பக்கத்தை எச்சரிக்கையோடு நெருங்குவது இதனால்தான்.

எங்கிருந்து வருகிறது இவ்வளவு வேகம்? கோடையில் பால்கன் நாடுகளின் மேல் காற்றழுத்தம் உயர்ந்திருக்கும். துருக்கியின் அனத்தோலியப் பீடபூமி மேல் தாழ்ந்திருக்கும். வட அரைக்கோளத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் போகும் திசையில் சுழலும், தாழ்வழுத்தத்தைச் சுற்றி எதிர்த் திசையில். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது ஏஜியன் கடல். இந்தப் பக்கச் சுழற்சியும் அந்தப் பக்கச் சுழற்சியும் அங்கே காற்றை வடக்கிலிருந்து தெற்காகத்தான் தள்ளும். தீவுகளின் இடைவெளிகளில் அது இன்னும் நெருக்குண்டு வேகம் கூடும்.

அனத்தோலியாவின் தாழ்வழுத்தம் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஈரான், பாகிஸ்தான் வழியாக நீண்டு, வட இந்தியாவின் மேல் கிடக்கும் பருவமழைத் தாழ்வழுத்தப் பட்டையோடு சேர்கிறது. குற்றாலத்தில் சாரல் தூவும் அதே மாதங்களில் நக்சோஸில் தொப்பி பறப்பது தற்செயல் இல்லை.

மேகமற்ற அந்த வானத்துக்கும் நம் மழைக்கும் தொடர்பு உண்டு. என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது சுமார் 2,500 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். எட்டு லிட்டர் தண்ணீரை அடுப்பிலேற்றிக் கொதிக்கவைக்க அது போதும். வங்கக் கடலிலும் வட இந்தியாவிலும் வாரக்கணக்கில் மழை கொட்டும்போது வளிமண்டலத்தில் எவ்வளவு வெப்பம் சேரும்! அங்கே காற்று மேலேறுகிறது. அந்தக் கலக்கம் பெரும் அலையாக மேற்கு நோக்கிப் பரவுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கிழக்கு மத்தியதரைக் கடல் மேல் காற்று கீழே அமிழ்கிறது. அமிழும் காற்று அழுந்திச் சூடேறும். அதில் மேகம் திரளாது. மார்க் ரோட்வெல், பிரையன் ஹோஸ்கின்ஸ் என்ற இரு வானிலையியலாளர்கள் கணினி மாதிரிகளைக் கொண்டு 1996ல் இதை விளக்கினார்கள். அமிழும் காற்று சூட்டைக் கூட்ட, வடக்கிலிருந்து வரும் மெல்தெமி குளிர்ச்சியைக் கொண்டுவந்து அதை ஈடுசெய்கிறது. ஆகஸ்டு வெயிலில் தீவுகளில் மூச்சுவிட முடிவது அதனால்தான்.

பழைய கிரேக்கர்கள் இந்தக் காற்றை ‘எத்தேசியை’ என்றார்கள். ஆண்டுதோறும் வருவது என்று பொருள். கோடைத் திருப்பத்துக்கும் நாய்விண்மீன் உதயத்துக்கும் பிறகு இது வீசும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். இது வீசும்போது ஏதென்ஸின் கப்பல்கள் வடக்கே வர முடியாது. அதைக் கணக்கிட்டே மாசிடோனிய மன்னர் பிலிப் போரைத் தொடங்குகிறார் என்று ஏதென்ஸின் சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸ் தன் மக்களை எச்சரித்தார்.

கோடையில் நைல் நதி பெருக்கெடுப்பதற்கும் இந்தக் காற்றுதான் காரணம், எதிரே அடித்து நீரைக் கடலில் கலக்கவிடாமல் தடுக்கிறது என்றும் சிலர் நம்பினார்கள். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அதை ஏற்கவில்லை. காற்று வீசாத ஆண்டிலும் நைல் பெருகுகிறதே, இதே காற்றை எதிர்கொள்ளும் மற்ற நதிகள் பெருகவில்லையே என்று கேட்டார். நைலைப் பெருக்கியது எத்தியோப்பிய மலைகளில் கொட்டும் கோடைமழை. ஆசியப் பருவமழை வலுக்கும் அதே மாதங்களின் மழை. காற்றும் வெள்ளமும் ஒரே பருவத்தில் வருவதை அவர்கள் சரியாகவே கவனித்திருந்தார்கள். மழை பெய்த இடம்தான் அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.