இரண்டு மொழியும் காலை நடையும்

டெல்லி ஜனக்புரி பூங்கா. நடைக்கு வந்த தாத்தா பேரனிடம், "பார்த்துப் போடா கண்ணா!" என்கிறார், மறுநொடி காய்கறி வண்டிக்காரரிடம் இந்தியில், "பையா, பிண்டி கைசே தியா (வெண்டைக்காய் என்ன விலை)?"

இப்படி இரு மொழி பேசுவதற்கும் மறதிநோய்க்கும் தொடர்பு உண்டா? ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது. நாலரை வருஷம் சும்மாவா? பேரப்பிள்ளையின் பெயர் நாக்கில் நிற்கிற வருஷங்கள் அவை!

காலை நடையும் மூளைக்கு நல்லது என்பதற்குச் சான்று உண்டு. வாரம் மூன்று நாள், 40 நிமிடம் என ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு, நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி 2 சதவீதம் வளர்ந்ததை 2011-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.