சோறும் செல்லும் – 7: சும்மாடும் சுப்பாராவும்

குளுக்கோஸ் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் நுழைவதுவரை சென்ற வாரம் பார்த்தோம். மீதியைக் கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் வைத்துப் பார்ப்போம்.

சுக்கும் மிளகும் மணக்கும் குறுகலான தெரு. அரிசி லாரிக்குப் பின்னால் நிற்கும் சுமைத் தொழிலாளி, தோர்த்துத் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக்கொள்கிறார். லாரிமேல் இருக்கும் இருவர் 50 கிலோ மூட்டையை இறக்குகிறார்கள். கழுத்து நரம்பு புடைக்கிறது. முழங்கால் சற்றே மடங்கி, நிமிர்கிறது.

அந்த நிமிர்வுக்கான சக்தியில் பெரும்பங்கு குளுக்கோஸ் தந்ததல்ல. தசையில் தயாராக இருக்கும் ஏடிபி என்னும் சக்தி மூலக்கூறு உடைந்து தந்தது. அந்தக் கையிருப்பு முழுமூச்சான உழைப்பில் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். ஏடிபியை உடனுக்குடன் மீட்டுத்தரும் கிரியேட்டின் பாஸ்பேட் கைகொடுத்தால் பத்து விநாடி ஓட்டலாம்.

இவ்விரண்டையும் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்தவர். கதர் அங்கியோடு அறுவை சிகிச்சைக்குப் போய்ப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்து, எம்பிபிஎஸ் கிடைக்காமல் எல்எம்எஸ் பட்டயத்தோடு வெளியே வந்தவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1927இல் கிரியேட்டின் பாஸ்பேட்டையும் 1929இல் ஏடிபியையும் பிரித்துக் காட்டினார். அதே 1929இல் ஜெர்மனியின் கார்ல் லோமனும் ஏடிபியை எட்டிவிட்டார். ஏடிபியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நம்மில் எத்தனை பேர் சுப்பாராவின் பெயரைக் கேட்டிருப்போம்?

மூட்டைகள் தொடர்ந்து வரும்போது குளுக்கோஸுக்கு வேலை கூடுகிறது. செல் திரவத்தில் பத்துப் படிகளில் அது இரண்டு பைருவேட்டாக உடையும். செலவு போக மிச்சம் 2 ஏடிபி. ஆக்சிஜன் தேவையில்லை, வேகம் உண்டு, வரும்படி சொற்பம்.

பெரிய வரும்படி மைட்டோகாண்ட்ரியாவில். அங்கே பைருவேட்டின் கார்பன் கரியமிலவாயுவாகக் கழன்றுபோகிறது. மிஞ்சும் எலெக்ட்ரான்கள் உள்சவ்வின் புரதங்கள் வழியே கைமாறும்போது, அந்தச் சக்தியில் புரோட்டான்கள் சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வரும் வழியில் ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது நிஜமாகவே சுழலும். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. களைத்துப்போன எலெக்ட்ரானைக் கடைசியில் வாங்கிக்கொண்டு தண்ணீராவது ஆக்சிஜன். அந்தச் சுமைத் தொழிலாளிக்கு மூச்சு வாங்குவது இதற்காகத்தான். ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் ஏறத்தாழ 30 ஏடிபி தேறும்.

உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி 100 கிராம் அளவுதான். ஆனால் ஒரு நாளில் நம் எடைக்கு ஏறக்குறைய ஈடான ஏடிபியை ஆக்கி உடைக்கிறோம். உட்கார்ந்து எழுதுகிறவனுக்கும் இதே கணக்குதான். சுமக்கிறவருக்கு இன்னும் கூடும்.

வேலை கடுமையானால் பைருவேட் லாக்டேட்டாக மாறும். அதைக் கழிவு என்று நினைக்க வேண்டாம். இதயம் அதை எரித்துக்கொள்ளும். கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கும். மறுநாள் உடம்புவலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று ஜிம்மில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓய்வெடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்த லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும்; வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது.