மேசைக் கணினிப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

மேசைக் கணினிப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தல் என்பது, ஒரு நிறுவனம் முழுமையாக அமைத்து விற்கும் கணினியை வாங்காமல், செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், வரைவியல் அட்டை, மின்வழங்கி, பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிப் பொருத்த விரும்புவோர் முன்கூட்டியே செய்யும் திட்டமிடலைக் குறிக்கும். இவ்வாறு அமைக்கப்படும் கணினி பேச்சு வழக்கில் அசெம்பிள் செய்த கணினி எனப்படுகிறது. பொருத்தும் வேலைக்கு ஒரு திருப்புளியும் சில மணி நேரமும் போதும், தேர்வே கடினமானது. ஒன்றோடொன்று பொருந்தாத பாகங்கள், தனித்தனியே எவ்வளவு சிறந்தவையாக இருப்பினும், ஒரு கணினியாக இயங்கா. பிழையாகத் தேர்ந்த ஒரு பாகம் ஏனைய பாகங்களைப் பழுதாக்கவும் கூடும்.

வரலாறு

1981 ஆம் ஆண்டு ஐ.பி.எம் நிறுவனம் வெளியிட்ட தனிமேசைக் கணினி, பிற நிறுவனங்களின் பாகங்களைக் கொண்டு அமைக்கப்பட்டதாகும். அதன் தொழினுட்ப விவரங்களும் கையேடாக வெளியிடப்பட்டன. இதனால் அதற்கு இணக்கமான விரிவாக்க அட்டைகளையும், பின்னர் இணக்கமான கணினிகளையும் பலர் உருவாக்க முடிந்தது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் சீர்தரத்தை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவு, திருகுத் துளைகளின் இடங்கள், பின்பக்க இணைப்பிகளின் இடம், மின்வழங்கியின் இணைப்பி ஆகியவற்றை இச்சீர்தரம் வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் தாய்ப்பலகை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

சென்னையின் ரிச்சி தெரு, கொழும்பின் யூனிட்டி பிளாசா, சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கம் ஆகியவை கணினிப் பாகங்களின் விற்பனைக்குப் பெயர்பெற்ற இடங்களாகும்.

தேவையை வரையறுத்தல்

கணினி எப்பணிக்குப் பயன்படும் என்பதே தேர்வின் தொடக்கம் ஆகும். தட்டச்சு, இணைய உலாவல், பாடங்களைக் காணுதல் போன்ற பணிகளுக்குச் செயலியிலேயே அமைந்த வரைவியல் பகுதி போதுமானது. தனி வரைவியல் அட்டை தேவையில்லை. நிகழ்படத் தொகுப்புக்குப் பல கருக்கள் கொண்ட செயலியும் மிகுந்த நினைவகமும் வேண்டும். முப்பரிமாண விளையாட்டுகளுக்குச் செலவின் பெரும்பகுதி வரைவியல் அட்டைக்குச் செல்லும். எந்திரக் கற்றல் பணிகளில் அவ்வட்டையின் வேகத்தைப் போலவே அதன் நினைவகக் கொள்ளளவும் முக்கியமானது.

திரையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். 3840 × 2160 படப்புள்ளிகள் கொண்ட திரையில் 1920 × 1080 திரையைப் போல நான்கு மடங்கு படப்புள்ளிகள் உள்ளன. ஆகவே சிறிய திரைக்கு மிக விலையுயர்ந்த அட்டையை வாங்குவதும், பெரிய திரைக்குச் சிறிய அட்டையை வாங்குவதும் ஒரே வகைப் பிழைகளே. ஒரு பணியில் எந்தப் பாகம் மிக மெதுவானதோ அதுவே அப்பணியின் வேகத்தை முடிவு செய்யும்.

செயலியும் தாய்ப்பலகையும்

செயலியையும் மதர்போர்டு என வழங்கும் தாய்ப்பலகையையும் இணையாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். செயலி பொருந்தும் இடம் செயலிப் பொருத்துவாய் எனப்படும். ஒரு பொருத்துவாய்க்கான செயலி மற்றொன்றில் பொருந்தாது. ஏ.எம்.டி நிறுவனத்தின் ஏஎம்4 பொருத்துவாய் 2016 இலும், ஏஎம்5 பொருத்துவாய் 2022 இலும் வெளிவந்தன. இன்டெல் நிறுவனத்தின் எல்ஜிஏ 1700 பொருத்துவாய் 2021 இலும், எல்ஜிஏ 1851 பொருத்துவாய் 2024 இலும் வெளிவந்தன.

பொருத்துவாய் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. தாய்ப்பலகையின் பயாஸ் மென்பொருள் அச்செயலியை அறிந்திருக்க வேண்டும். ஏஎம்4 பொருத்துவாய் பல தலைமுறைச் செயலிகளுக்குப் பயன்பட்டது. ஆனால் பழைய பயாஸ் உள்ள தாய்ப்பலகையில் பின்னர் வந்த செயலியைப் பொருத்தினால் கணினி தொடங்காது. செயலி இல்லாமலேயே பயாசைப் புதுப்பிக்கும் வசதி சில தாய்ப்பலகைகளில் உண்டு. தயாரிப்பாளர் வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் செயலியின் பெயரையும், தேவையான பயாஸ் பதிப்பையும் பார்த்துக் கொள்வது நல்லது.

செயலியின் பெயரில் உள்ள இறுதி எழுத்தும் கவனிக்கத்தக்கது. இன்டெல் கோர் வரிசையில் எண்ணுக்குப் பின் எஃப் என்னும் எழுத்து இருந்தால் அச்செயலியில் வரைவியல் பகுதி இல்லை என்பது பொருள். ஏ.எம்.டி ரைசன் 5000 வரிசையின் மேசைக் கணினிச் செயலிகளில் ஜி எழுத்து உள்ளவற்றில் மட்டுமே வரைவியல் பகுதி உண்டு. வரைவியல் பகுதி இல்லாத செயலியைத் தனி அட்டையின்றி வாங்கினால், பாகங்கள் யாவும் நல்ல நிலையில் இருந்தும் திரையில் எதுவும் தோன்றாது.

எல்ஜிஏ வகையிலும் ஏஎம்5 வகையிலும் நுண்ணிய ஊசிகள் தாய்ப்பலகையின் பொருத்துவாயில் அமைந்துள்ளன. ஏஎம்4 வகையில் அவை செயலியின் அடியில் உள்ளன. வளைந்த ஊசிகள் பயனரால் நேர்ந்த சேதமாகவே கொள்ளப்பட்டுப் பொதுவாக உத்தரவாதத்தில் ஏற்கப்படுவதில்லை.

நினைவகம்

டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரு வகை மேசைக் கணினி நினைவகங்களிலும் 288 தொடுமுனைகள் உள்ளன. எனினும் அவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறு இடங்களில் உள்ளதால் ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஏஎம்4 டிடிஆர்4 வகையையும், ஏஎம்5 டிடிஆர்5 வகையையும் மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 செயலிகள் இரண்டையும் ஏற்கும் என்றாலும், பெரும்பாலான தாய்ப்பலகைகள் இரண்டில் ஒன்றுக்காகவே செய்யப்பட்டவை.

ஒரே கொள்ளளவை ஒரு பலகையாக வாங்குவதைவிட இரண்டாக வாங்குவது பெரும்பாலும் நன்மை தரும். டிடிஆர்4-3200 நினைவகம் நொடிக்கு 320 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட்டு வீதம் தரவை அனுப்பும். ஆகவே ஒரு தடத்தின் உச்ச வேகம் நொடிக்கு 25.6 ஜிகாபைட்டு ஆகும். இரு பலகைகள் இரு தடங்களில் இயங்கும்போது அது 51.2 ஜிகாபைட்டாகும். செயலியில் அமைந்த வரைவியல் பகுதி இதே நினைவகத்தையே பயன்படுத்துவதால், தனி அட்டை இல்லாத கணினிகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

சேமிப்பகம்

சுழலும் வன்தட்டுகள் பொதுவாக நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட்டு வரை தரவைப் படிக்கும். சாட்டா வகைத் திண்மநிலைச் சேமிப்பகங்கள் ஏறத்தாழ 550 மெகாபைட்டு வேகத்தையும், பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வழி இயங்கும் என்விஎம்இ வகையினவற்றுள் வேகமானவை ஏறத்தாழ 7000 மெகாபைட்டு வேகத்தையும் எட்டும். எனினும் அன்றாடப் பயன்பாட்டில் பெரிய மாற்றம் வன்தட்டிலிருந்து திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு மாறும்போதே உணரப்படுகிறது. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேட வன்தட்டின் தலை நகர வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். இயங்குதளத்தைத் திண்மநிலைச் சேமிப்பகத்திலும், பெருங்கோப்புகளை வன்தட்டிலும் வைப்பது செலவு குறைந்த ஏற்பாடாகும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயரே ஆகும்; வேகத்தின் பெயர் அன்று. ஒரே வடிவில் சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் விற்கப்படுகின்றன. தாய்ப்பலகையின் எம்.2 இடம் எந்த வகையை ஏற்கும் என்பதைக் கையேட்டில் காண வேண்டும்.

வரைவியல் அட்டை

வரைவியல் அட்டையைத் தேர்கையில் அதன் நீளம், தடிமன், மின் நுகர்வு, இணைப்புத் தடங்களின் எண்ணிக்கை ஆகியவை கவனிக்கப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, 2023 இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இன் 8 தடங்களையே பயன்படுத்துகிறது. புதிய தாய்ப்பலகையில் இது நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட்டு தரும். 3.0 பதிப்புடைய பழைய தாய்ப்பலகையில் இதில் பாதியே கிடைக்கும். அட்டை இரண்டிலும் இயங்கும். ஆனால் அட்டையின் நினைவகம் நிரம்பும் பணிகளில் பழைய தாய்ப்பலகையில் வேகம் குறையக்கூடும்.

மின்வழங்கி

மின்வழங்கி கணினியின் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆகவே செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் கைவைக்கும் பாகமாக இது உள்ளது. ஆனால் ஏனைய எல்லாப் பாகங்களோடும் மின்வழியே இணைந்திருக்கும் பாகமும் இதுவே. பாதுகாப்புச் சுற்றுகள் இல்லாத மின்வழங்கி பழுதடையும்போது தாய்ப்பலகையையும் சேமிப்பகத்தையும் உடன் பழுதாக்கக்கூடும். சேமிப்பகத்துடன் அதிலுள்ள கோப்புகளும் இழக்கப்படலாம்.

தேவையான மின்திறனை எளிதாகக் கணக்கிடலாம். ரைசன் 5 7600 செயலி 65 வாட் எனக் குறிக்கப்பட்டிருப்பினும் அதன் உச்ச வரம்பு 88 வாட் ஆகும். ஆர்டிஎக்ஸ் 4060 அட்டைக்கு 115 வாட். தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 வாட் எனக் கொண்டால் மொத்தம் 263 வாட் ஆகிறது. நொடிப்பொழுது ஏற்றங்களையும் பிற்கால மாற்றங்களையும் கருதி 500 அல்லது 550 வாட் மின்வழங்கியைத் தேர்வது போதுமானது. இக்கணினிக்கு 1000 வாட் மின்வழங்கி வாங்குவதால் பயன் இல்லை. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட மொத்த வாட்டை மட்டும் நம்பாமல், 12 வோல்ட் வழியில் எவ்வளவு தர முடியும் என்பதைப் பார்க்க வேண்டும். செயலியும் வரைவியல் அட்டையும் பெரும்பாலும் இவ்வழியிலேயே மின்சாரம் பெறுகின்றன.

80 பிளஸ் என்னும் சான்றிதழ் 2004 இல் தொடங்கியது. இதைப் பற்றித் தவறான கருத்து ஒன்று பரவலாக உள்ளது. 80 விழுக்காடு திறன் உடைய 500 வாட் மின்வழங்கி 400 வாட் மட்டுமே தரும் என்பது சரியன்று. அது கணினிக்கு 240 வாட் தரும்போது சுவரிலிருந்து 300 வாட் பெறுகிறது. எஞ்சிய 60 வாட் வெப்பமாகிறது. 90 விழுக்காடு திறன் உடையது அதே வேலைக்கு ஏறத்தாழ 267 வாட் பெறும். இச்சான்றிதழ் மின்திறனை மட்டுமே அளவிடுகிறது. பாதுகாப்புச் சுற்றுகளுக்கு அது சான்று அன்று.

கழற்றக்கூடிய வடங்கள் உடைய மின்வழங்கிகளில், ஒன்றின் வடத்தை மற்றொன்றில் பயன்படுத்தக் கூடாது. சேமிப்பகத்தின் பக்கத்து முனை ஒன்றுபோல் இருந்தாலும் மின்வழங்கியின் பக்கத்து முனைக்குப் பொதுச் சீர்தரம் இல்லை. 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் சென்று சேமிப்பகம் எரிந்துவிடலாம். 2022 இல் அறிமுகமான 16 முனை வரைவியல் அட்டை இணைப்பி 600 வாட் வரை தாங்க வடிவமைக்கப்பட்டது. முழுதும் செருகப்படாத நிலையில் அது உருகிய நிகழ்வுகள் அதே ஆண்டில் வெளிவந்தன. 2023 இல் அதன் வடிவம் திருத்தப்பட்டது.

சுவர்ச் செருகியில் எர்த் எனப்படும் நில இணைப்பு சரியாக இருக்க வேண்டும். அது இல்லாதபோது மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கசியும் சிறு மின்னோட்டம் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுவோருக்கு உறுத்தலாக உணரப்படும். இது மின்வழங்கியின் பழுது என்று பலரால் தவறாகக் கருதப்படுகிறது.

பெட்டியும் குளிர்விப்பும்

முழு ஏடிஎக்ஸ் தாய்ப்பலகையின் அளவு 305 × 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பெரிய பெட்டியில் சிறிய பலகை பொருந்தும், மறுதலையாக இயலாது. பெட்டி ஏற்கும் அட்டையின் நீளத்தையும் குளிர்விப்பியின் உயரத்தையும் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் காணலாம்.

காற்றால் குளிர்விக்கப்படும் எந்தச் செயலியும் அறையின் வெப்பநிலையைவிடக் குளிர்ச்சியாக இருக்க இயலாது. 22 பாகை அறையில் 75 பாகையில் இயங்கும் செயலி, 38 பாகை அறையில் அதே வேலைக்கு ஏறத்தாழ 91 பாகையை எட்டும். வெப்பம் வரம்பை எட்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர் நாடுகளில் செய்யப்பட்ட ஒப்பீடுகளை வெப்ப நாடுகளில் உள்ளோர் படிக்கும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். முன்புறம் காற்று நுழையும் துளைகளும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள பெட்டி, கண்ணாடிப் பக்கங்களும் வண்ண விளக்குகளும் மட்டுமே உள்ள பெட்டியைவிடப் பயனுள்ளது.

பழைய பாகங்களும் உத்தரவாதமும்

பெட்டி, விசிறி, வரைவியல் அட்டை போன்றவற்றைச் சோதித்துப் பார்த்துப் பழையனவாக வாங்கலாம். பழைய மின்வழங்கியையும் வன்தட்டையும் தவிர்ப்பது நல்லது. இவற்றின் தேய்மானம் வெளியில் தெரிவதில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும் ஆதரவுப் பட்டியலில் உள்ள செயலியையும் கோருகிறது. பழைய செயலியை வாங்குவோர் இதைச் சரிபார்க்க வேண்டும். அத்தகைய கணினிகளில் லினக்சு இயங்குதளத்தைப் பயன்படுத்தலாம்.

உத்தரவாதம் விலையின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது. 2024 இல் இன்டெல் 13, 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில் நிலையற்ற இயக்கம் கண்டறியப்பட்டது. அந்நிறுவனம் பயாஸ் வழியான திருத்தத்தை வெளியிட்டதுடன் உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. வாங்கிய சீட்டையும் தொடர் எண்ணையும் பாதுகாத்து வைத்தல் இத்தகைய வேளைகளில் உதவும்.

தேர்வின் ஒழுங்கு

1. பணியையும் திரையையும் முடிவு செய்தல்.
2. மொத்தச் செலவின் வரம்பை வகுத்தல். திரை, விசைப்பலகை, தடையிலா மின்வழங்கி ஆகியவற்றையும் இதில் சேர்த்தல்.
3. பணிக்கு முதன்மையான பாகத்தை, அதாவது செயலியை அல்லது வரைவியல் அட்டையைத் தேர்தல்.
4. செயலிக்குரிய தாய்ப்பலகையையும், தாய்ப்பலகைக்குரிய நினைவகத்தையும் தேர்தல்.
5. சேமிப்பகத்தைத் தேர்தல்.
6. மின் நுகர்வைக் கூட்டி மின்வழங்கியைத் தேர்தல்.
7. அளவுகளைச் சரிபார்த்துப் பெட்டியையும் குளிர்விப்பியையும் தேர்தல்.

செலவு வரம்பை மீறும்போது 3, 5 ஆம் படிகளில் ஒரு நிலை இறங்கி வருவதே பாதுகாப்பானது. சற்று மெதுவான செயலியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்; நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். மின்வழங்கியில் குறைத்த செலவு ஏனைய பாகங்களின் இழப்பாக முடியலாம்.

இவற்றையும் பார்க்க

தாய்ப்பலகை
மையச் செயற்பகுதி
நேரடி அணுகல் நினைவகம்
திண்மநிலைச் சேமிப்பகம்
கணினி மின்வழங்கி