வெளியே தெரியாத அடி... காட்டிக்கொடுக்கும் கண்ணாடி இழை!

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் போகிறவர்களுக்கு அந்த நீண்ட லாரி பழக்கப்பட்டதுதான். ஒரு தெரு நீளத்துக்குக் காற்றாலை இறக்கை அதன் மேல் படுத்திருக்கும். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-ல் இங்கே முள்ளக்காட்டில்தான் வந்தது. இன்றைய பெரிய இறக்கைகள் 70, 80 மீட்டர் நீளம்!

இறக்கை இரும்பு இல்லை. கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் ஊற்றி இறுக வைத்தது. நம் மீனவர்களின் ஃபைபர் படகும் இதே சங்கதிதான்.

வில்லங்கமும் அங்கேதான். இரும்பில் இடித்தால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். இதில் ஏற்றி இறக்கும்போது ஏதாவது இடித்தால், மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம். அப்படியே கோபுரத்தில் ஏற்றினால், ஆண்டுக்குப் பல லட்சம் முறை வளைந்து நிமிரும் இறக்கையில் அந்தப் பிரிவு வளர்ந்துகொண்டே போகும்.

நாணயத்தால் தட்டிப் பார்ப்பது பழைய வழி. நல்ல இடம் 'டங்' என்னும். பிரிந்த இடம் 'தொப்' என்னும். பானை வாங்கும் பாட்டியின் அதே வித்தை! ஆனால், 80 மீட்டரையும் யார் தட்டுவது?

அதனால்தான், செய்யும்போதே அடுக்குகளுக்கு நடுவே ஆப்டிகல் ஃபைபரை வைத்துவிடும் முறை வந்தது. வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் அதே இழைதான். தடிமன், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு லேசரால் நுண்ணிய கோடுகள் பதித்திருப்பார்கள். உள்ளே அனுப்பும் ஒளியில் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் அந்த இடம் திருப்பி அனுப்பும். இழை இழுபட்டால் கோடுகளின் இடைவெளி மாறும். திரும்பும் அலைநீளமும் மாறும். அடி ஓய்ந்த பிறகும் அது பழைய அளவுக்குத் திரும்பவில்லையா? அருகில் அடுக்கு பிரிந்திருக்கலாம், உடனே சோதிக்க வேண்டும். மின்கம்பி இல்லாததால் இடி, மின்னலிலும் பிரச்னை குறைவு.

இந்தக் கோடுகளின் மூலம், 1978-ல் கனடாவில் கென் ஹில் குழு கண்டறிந்தது. இங்கே 'நிஷாந்த்' ஆளில்லா விமானத்தில் இழைகளைப் பதித்துப் பறக்கவிட்டே சோதித்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. வெயிலில் சூடேறினாலும் அளவு மாறும். தூத்துக்குடி வெயிலைச் சொல்லவா வேண்டும்! அதற்காக, இழுபடாத இன்னொரு இழையைப் பக்கத்தில் வைத்து, சூட்டின் கணக்கைக் கழிக்கிறார்கள். இன்னொன்று, ஒளியை வாசிக்கும் கருவியைப் பெரும்பாலும் கோபுரத்தில் ஏறிய பிறகுதான் இணைக்கிறார்கள். இடிபட வாய்ப்புள்ளதோ வழியில்! ஆலையில் ஒருமுறை, துறைமுகத்தில் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால் நல்லது என்றே தோன்றுகிறது.

கருவியின் விலை ஃபைபர் படகுக்குக் கட்டுப்படியாகாது. கரையில் இன்னும் விரல் முட்டியால்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.